வராத நட்டு

சன்னாசி அண்ணன் கீழ் நட்டைத்தான் முதலில் கழற்றினார். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றத் தெரிந்த எவனும் அதை முதலில் தொடமாட்டான். பக்கவாட்டில், கொஞ்சம் மேலே, இன்னொரு நட்டு இருக்கும். புது எண்ணெயை அந்த வழியாகத்தான் ஊற்ற வேண்டும். அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடி நட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை இறக்குவார்கள். மேலே இருப்பது துருவேறி இறுகிக் கிடந்தால் வெறும் வயிற்றோடு நிற்கிற காரை, எங்கள் பேச்சில் காடியை, வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அப்படியே ஓட்டினால் உள்ளே இருக்கிற பல்சக்கரம் எல்லாம் அரைபட்டுப் போகும். பாகான் செராய் ஆலைகளுக்குக் காலமெல்லாம் நெல் லோரி ஓட்டியவருக்கு இது தெரியாததல்ல.

"மனசு எங்கயோ இருந்துச்சு தம்பி. கை அது பாட்டுக்குக் கீழ போயிருச்சு" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

நவம்பர் மாதம். செமாங்கோல் மலை ஒரு வாரமாகக் கண்ணில் படவில்லை. மழைக்குள் எங்கேயோ இருந்தது. எங்கள் தமான் குடியிருப்புக்குப் பின்னால் வயல் எல்லாம் ஒரே தண்ணீர்ப் பரப்பு. நான் அவருக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டு முன்கூடத்துக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அந்தத் திங்கள்கிழமை சாயங்காலம் நெல் ஆலையில் வேலை முடிந்து நனைந்துகொண்டு வந்தபோது, அவருடைய பழைய நீலக் காடி முன்சக்கரம் இரண்டும் தண்டவாளக் கட்டைகள் மேல் ஏறி நின்றது. அடியிலிருந்து அவருடைய கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மீன் தகர டப்பாவில் கருப்பு எண்ணெய்.

பவுனம்மா அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாயில் ஒரு ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு இனிப்பு நீர் நோயில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தைப்பிங் போய் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். இடது கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். தண்ணீர்கூட அளந்துதான். தாகம் தாங்காதபோது ஐஸ் கட்டி. வாழைப்பழம் கூடாது, தேங்காய்ப் பால் கூடாது, கீரை என்றால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அண்ணன்தான் கூட்டிப் போவார். உள்ளே அக்கா படுத்திருக்கும் நேரம் முழுக்க வெளியே காடியில் உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை திரும்பி வரும்போது அக்கா சொன்னாராம், "மூணாவது கியர் போட்டா காடி அழுவுதுங்க" என்று. அதற்காகத்தான் இந்த வேலை.

"என்னாண்ணே, வரலையா?" என்றேன்.

"மேல் நட்டுத் தலை மழுங்கிப் போச்சுடா" என்றார் அடியிலிருந்து. "ஸ்பானர் புடிச்சு ஒரு இழுப்பு, முனை அத்தனையும் வழிச்சுக்கிட்டு வந்துருச்சு. இப்ப உருண்டையா இருக்கு, கொய்யாக்கா மாதிரி."

"அப்ப எண்ணெய்?"

"எண்ணெய இறக்கியாச்சு."

நான் தகர டப்பாவைப் பார்த்தேன். அக்காதான் சொன்னார். "உங்க அண்ணன் லோரி ஓட்டுனதா ஊரெல்லாம் சொல்லிக்கிறாரே, நெசமாவே ஓட்டுனாரா இல்ல கூட குந்திக்கிட்டுப் போனாரான்னு கேளுங்க தம்பி."

"சிரி, சிரி. நாளைக்கு நடந்து போ தைப்பிங்குக்கு."

எதிர் வீட்டு ரோஸ்லி குடையோடு வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எங்கள் தமானில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் அவனுக்கு ஓரளவு நம் பேச்சு வரும், மீதியை மலாயில் சொல்லிக்கொள்வான். விஷயத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அவன் மனைவி கேக்குக்கு மேல் சீனியைக் கருக்குகிற சின்ன கேஸ் பந்தத்தை எடுத்து வந்தான்.

"சூடு காட்டுங்க அண்ணே. சூடு பட்டா இளகும்."

"இதால என்னா சூடு வரும்? கொசுவுக்குக் குளிர் காயப் பத்துமா?"

"காட்டித்தான் பாருங்களேன்லா."

காட்டினார். கொஞ்ச நேரம் நீலத் தீ சீறியது. சுத்தியலால் தட்டினார். ஒரு இரும்புக் குழாயை ஸ்பானர் கைப்பிடியில் மாட்டி நானும் ரோஸ்லியும் வெளியே இருந்து இழுத்தோம். ஸ்பானர் நழுவி அண்ணனின் விரல் முட்டி கிழிந்ததுதான் மிச்சம். தொழுகைக்கு அழைக்கும் சத்தம் கேட்டதும் ரோஸ்லி கையைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்குப் பிள்ளைங்கள இறக்கிட்டு நான் வந்துடுறேன். அக்காவ என் வேன்ல கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம் ரோஸ்லி" என்றார் அக்கா. "காலையில தொறந்துடுவாரு. பாருங்க."

அண்ணன் துரு விடும் எண்ணெயை நட்டைச் சுற்றி நன்றாக அடித்து, இரவு முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டார். என்னிடம் குழாய்க்காரர்கள் வைத்திருக்கிற பல் ஸ்பானர் ஒன்று இருந்தது. உருண்டையானதையும் கடித்துப் பிடிக்கும். அதைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் எனக்கு மத்தியான வேலை. காலையில் முன்கூடத்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மழை நின்று வயல் பக்கமிருந்து சேற்று வாசம் வந்தது. அண்ணன் முன்னமே அடியில் போய்விட்டிருந்தார். அக்கா தைப்பிங் போவதற்குச் சேலை கட்டி, தலை சீவி, மிஷின் குளிருக்குப் போர்த்துகிற கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்திருந்ததால் என்னைப் பார்க்கவில்லை.

"என்னாங்க."

"ம்."

"கேக்குதா?"

"கேக்குது. சொல்லு."

"அது வரலைன்னா விட்டுருங்க."

"விட்டுட்டு? பறந்து போவியா?"

"போவ வேணாம்."

"இன்னிக்கு ஒரு நாளு போவாட்டி வியாழக்கிழமை உன்னைத் தூக்கிக்கிட்டுத்தான் போவணும். பேசாம இரு."

"இன்னிக்கு மட்டும் சொல்லல."

ஸ்பானர் சத்தம் நின்றது. எனக்குக் குழாயை மூடுவதா, அப்படியே விடுவதா என்று தெரியவில்லை. மூடினால் நான் இருப்பது தெரிந்துவிடும். விட்டுவிட்டேன்.

"மூஞ்சியப் பாத்தா எனக்குச் சொல்ல வராதுங்க" என்றார் அக்கா. "நோன்புப் பெருநாள்லேருந்து சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். காடியில போறப்ப நீங்க ரோட்டப் பாக்குறீங்க, ஓரக்கண்ணால என்னையும் பாக்குறீங்க. வீட்டுலயும் அப்பிடித்தான். இப்பதான் உங்க காலு மட்டும் தெரியுது. அதுகிட்ட சொல்லிக்கிறேன்."

"என்னா சொல்லப் போற?"

"எனக்குப் போதும்."

அடியில் நீட்டியிருந்த கால் ஒன்று மடங்கியது.

"பக்கத்துப் படுக்கையில ஒரு சீனக் கிழவி இருந்துச்சுல்ல, எனக்கு உப்பு பிஸ்கட் குடுக்கும். போன சனிக்கிழமை அங்க வேற ஆளு. நர்சு விரிப்ப மாத்துது, அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல. நானும் கேக்கல. கேட்டா என்னா சொல்லுவாங்கன்னு தெரியுமே. ஊசியக் குத்துறாங்க, குளுருது, வீட்டுக்கு வந்து வாந்தி எடுக்குறேன், ஒரு நாளு நல்லா இருக்கேன், மறுபடியும் போறேன். ஒரு மங்கு கோப்பி வயிறு நெறைய குடிச்சு எவ்வளவு நாளாச்சு. தாகத்தோட தூங்குறேன், தாகத்தோட எந்திரிக்கிறேன். கனவுலகூட தண்ணிதான் வருது. உங்களையும் பாக்குறேனே. அந்தக் காடிக்குள்ள வெயில்ல குந்திக்கிட்டு... எதுக்கு இதெல்லாம்?"

"நான் கேட்டனா உன்னை?"

"கேக்கல. அதான் நான் சொல்றேன்."

"உம் மக தேவகிக்கு என்னா சொல்லுவ?"

"அவ ஜொகூர்ல இருக்கா. அவளுக்குச் சொல்ற நேரத்துல சொல்லிக்கலாம்."

"பவுனு, பேசாம இரு."

"பேசி முடிச்சுட்டேன்" என்றார் அக்கா. கம்பளியை நாற்காலிக் கையில் போட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அடியில் ஸ்பானர் மறுபடியும் கடித்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் மூச்சை அடக்கி முக்கினார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நட்டு திரும்பியது. இதை அவர் என்னிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து, ரோட்டோர ஒட்டுக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது. எந்த முறுக்கும் இல்லாமல், வெண்ணெயில் இறங்கின மாதிரி கால் சுற்று திரும்பியதாம். விரலை வைத்துப் பார்த்தாராம், விரலுக்கே வந்ததாம். அவர் அதைப் பழையபடி விரலாலேயே திருகி வைத்தார். வைத்துவிட்டு, தலைக்கு மேல் தொங்குகிற கருப்பு இரும்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ஏண்ணே?" என்று கேட்டேன்.

"கேட்டாளேடா. கல்யாணம் கட்டி வந்ததுலேருந்து எங்கிட்ட அது வேணும் இது வேணும்னு வாய் தொறந்து கேட்டவ இல்ல. ஒரு நாளு குடுப்போம்னு நெனச்சேன். ஒரு நாளுதான். அப்பறம் பாத்துக்கலாம்னு."

அன்று காலையில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் எண்ணெயும் துருவும். எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"வரல" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். அவர் தன் விரல் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, விடுங்க. கையக் கழுவிட்டு வாங்க, கோப்பி கலக்குறேன்."

ரோஸ்லி சொன்னபடி வேனோடு வந்து நின்றான். அக்கா வாசலுக்கே போய், தைப்பிங்குக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு, நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க என்றார். நம்பிவிட்டான். ஜொகூரிலிருந்து தேவகி கூப்பிட்டபோது, "போய்க்கிட்டே இருக்கோம்மா, அப்பா ஓட்டுறாரு" என்றார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டில் நடந்ததை நான் வேலைக்குப் போகும் வரை பார்த்தேன். அக்கா ஒரு பெரிய மங்கு நிறைய கோப்பி குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை தலையை அண்ணாந்து. பிறகு சமைக்க ஆரம்பித்தார். நெத்திலிச் சம்பல், தேங்காய்ப் பால் ஊற்றின கீரை, சுட்ட கத்திரிக்காய். சுவர் வழியாக எனக்கும் ஒரு தட்டு வந்தது. அண்ணன் என் மோட்டாரை வாங்கிக்கொண்டு போய்ப் பொரித்த வாழைப்பழம் வாங்கி வந்தார். டாக்டர் கூடாது என்றதெல்லாம் அந்த மேசை மேல் இருந்தது. நான் புறப்படும்போது மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. கட்டை மேல் ஏறி நிற்கிற காடிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காகிதப் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அக்கா எதையோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"ராத்திரி நல்லாத்தான் தூங்குனா" என்றார் அண்ணன் பின்னால். "நான்தான் தூங்கல. காலையில அவ செருப்புல கால நுழைக்கப் பாக்குறா, நுழையல. அப்பவே போயிருக்கணும். அவ வாயால சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

புதன்கிழமை மத்தியானம் நான் வேலைக்குப் புறப்பட்டுச் சட்டை மாட்டும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அண்ணன் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "தம்பி, தம்பி" என்று மட்டும்.

அக்கா நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கிக் கண் சிறுத்துப் போயிருந்தது. மூச்சு உள்ளே போகும்போது தண்ணீரில் குழாய் வைத்து ஊதுகிற மாதிரி சத்தம். படுக்க முடியவில்லை என்றார் அண்ணன். படுத்தால் முழுகுகிற மாதிரி இருக்கிறதாம்.

"ரோஸ்லி?"

"பாரிட் புந்தார் போயிட்டான். போன எடுக்க மாட்டேங்குறான்."

"ஆம்புலன்ஸ்..."

"வந்து சேர்றதுக்குள்ள நாம போயிரலாம். நீ மேல நின்னு எண்ணெய ஊத்து. நான் கீழ புடிக்கிறேன்."

"நட்டு வரலையேண்ணே."

அவர் அடியில் போனார். முன் மூடியைத் தூக்கி நிறுத்தி நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவருடைய கை கீழேயிருந்து வந்தது. ஸ்பானர் இல்லை. இரண்டு விரலால் அந்த மழுங்கின நட்டைப் பிடித்தார், திருகினார், எடுத்துவிட்டார். பாட்டில் மூடியைக் கழற்றுகிற மாதிரி.

நான் நிமிர்ந்தேன். அக்காவால் நாற்காலியிலிருந்து அதைப் பார்க்க முடியாது. ஆனால் தரையில் நட்டு வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. கேட்ட உடனே தலையைத் தூக்கினார்.

அண்ணன் கீழ் நட்டை இறுக்கிவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு நுனியை மேல் ஓட்டையில் நுழைத்தார். மறு நுனியில் நான் புனலை மாட்டிப் பிடித்துக்கொண்டு எண்ணெயைச் சாய்த்தேன். கியர் எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். மழைக் குளிரில் இன்னும் கெட்டி. புனலில் நிறைந்து அப்படியே நின்றது. உள்ளே இறங்குகிறதா என்றே தெரியவில்லை. எனக்குப் பின்னால் அந்த மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் நான் எண்ணெயைப் பார்த்தேன். ஒரு நூல் அளவு குறைந்திருக்கும்.

"போதும்ணே, பாதி போதும், போய்ச் சேர்ந்துடலாம்."

"நடு ரோட்டுல நின்னா என்னா செய்வ? ஊத்து."

ஊற்றினேன். அவசரத்தில் கொஞ்சம் இன்ஜின் மேல் வழிந்தது. ஒரு வழியாக ஓட்டையிலிருந்து எண்ணெய் திரும்பி வழிந்ததும் நட்டை மூடிவிட்டு வெளியே வந்தார். ஜாக்கு வைத்துத் தூக்கிக் கட்டைகளை உருவினோம். அக்காவை இரண்டு பக்கமும் பிடித்து எழுப்பி முன் இருக்கையில் உட்கார வைத்தோம். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சிம்பாங் ஊரைத் தாண்டினோம். காடி மூன்றாவது கியரில் சத்தமே இல்லாமல் ஓடியது. அக்கா கண்ணாடியை இறக்கி முகத்தைக் காற்றுக்குக் கொடுத்திருந்தார்.

"எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"நேத்தே... வந்துருச்சா?"

"ம்."

"நான் பேசுனப்பவா?"

"பேசி முடிச்சப்ப."

அக்கா மூச்சு வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரமானது. ஒரு நெல் லோரி எங்களைக் கடந்து போனது.

"நீதானே சொன்ன பவுனு" என்றார் அண்ணன். "நீ சொன்னதாலதான்."

"நான் சொல்லுவேன்" என்றார் அக்கா. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அந்தத் தண்ணீர்ச் சத்தம். "சொன்னா... நீங்க விட்டுருவீங்களா?"

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அண்ணனின் கையில் எண்ணெய் இன்னும் ஈரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நெஞ்சில் தண்ணீர் கோத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்கள் கையில் இல்லை என்றார் டாக்டர். இளம் வயசுப் பெண். ஏன் நேற்று வரவில்லை என்று மலாயில் கேட்டார். காடி ரோசாக், கெட்டுப்போச்சு, என்று அண்ணன் சொன்னார். டாக்டர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. விடிய விடிய மிஷின் ஓடியது. தேவகி மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கி, அப்பாவைப் பிடித்துக் கண்டபடி பேசினாள். ஒரு காடி ரோசாப் போனா ஊர்ல வேற காடியே இல்லையா, பக்கத்துல வேன் இல்லையா, நீங்க எல்லாம் மனுசங்களா என்றாள். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, "நட்டு வரலம்மா. உங்கப்பா என்னா செய்வாரு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சை அக்கா யாரிடமும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் போல ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். செவ்வாய், வியாழன், சனி பழையபடி தொடங்கியது. ஐஸ் கட்டி, அளந்த தண்ணீர், கம்பளி. சமையல் செய்தார், அண்ணனுக்குச் சோறு போட்டார், துணி துவைத்தார். உப்பு போதுமா என்று கேட்டார். சண்டை என்று ஒன்றும் இல்லை. கேலி பேசுவது மட்டும் நின்றுவிட்டது. அண்ணன் காடிக்கு அடியில் படுத்தால் அக்கா நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் வியாழக்கிழமை, புறப்படுகிற நேரம், நான் முன்கூடத்தில் இருந்தேன். அண்ணன் முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அதைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து அவர் முன்னால்தான் உட்காருவார். லோரியிலும் அப்படித்தான் போயிருக்கிறார்.

"முன்னால வாயேன்" என்றார் அண்ணன்.

"இங்க கால நீட்டிக்கலாம்."

அக்கா குள்ளம். அவருக்குக் காலை நீட்ட எங்கேயும் இடம் போதும்.

அண்ணன் கதவைச் சாத்தினார். உள்ளே உட்கார்ந்து நடுக் கண்ணாடியைக் கையால் திருப்பினார். கொஞ்சம் கீழே, கொஞ்சம் இந்தப் பக்கம். பின்னால் இருக்கிறவருடைய முகம் தெரிகிற அளவுக்கு. அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பளியைக் கையில் எடுத்துக்கொண்டு, இருக்கையில் மெதுவாக நகர்ந்து, நேராக அவர் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.